விளம்பரம் தானா வருமா?

செல்போன் சர்வீஸ் வேலையில போனைக் கழட்டுறது சுலபம்ங்க, கொண்டு வந்தவங்க வாயிலேருந்து நடந்ததை நடந்தபடி வாங்குறதுதான் பெரும்பாடு. என் பேரு மும்தாஜ். திருச்சி பெரிய கடைவீதியிலேருந்து பிரியற ஒரு சந்துல பதினாலு வருஷமா கடை வச்சிருக்கேன். பொம்பளை நடத்துற சர்வீஸ் கடைங்கிறதால, ஆம்பளைங்க கையில போனைக் குடுக்கத் தயங்குறவங்க எல்லாரும் என்கிட்ட வந்துடுவாங்க. முன்னாடி கவுன்ட்டர்ல கவர் விக்கிறது, கண்ணாடி ஒட்டுறது ரோஸ்லின் வேலை. உள்ளே ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்திருக்கிறது நான். எனக்கு வாய் நீளம்னு ரோஸ்லின் அடிக்கடி சொல்லுவா. நான் ஒத்துக்கிட்டதே இல்ல. இப்ப ஒத்துக்கறேன், ஏன்னு நீங்களே பாருங்க.

முன்னெல்லாம் டிஸ்ப்ளே உடைஞ்சுது, தண்ணியில விழுந்துதுன்னு வருவாங்க. இப்ப பாதிப் பேருக்கு ஒரே புகார்: சும்மா இருக்கும்போதே விளம்பரம் வருது. நீங்களும் பட்டிருப்பீங்க. அவசரமா ஒருத்தருக்கு போன் போட எடுத்தா, திரை முழுக்க ஒருத்தி வந்து நின்னு சிரிப்பா. மூடுற பெருக்கல் குறி எறும்பு சைஸ்ல ஏதோ ஒரு மூலையில இருக்கும். அதை அமுக்கப் போயி விளம்பரத்தையே அமுக்கிடுவோம். அது இன்னொரு இடத்துல கொண்டு போய் விட்டுட்டு, 'உங்க போன்ல பதிமூணு வைரஸ்'னு பயங்காட்டும். அட போங்க, பதினாலு வருஷ சர்வீஸ்காரி எனக்கே ரெண்டு தடவை கை தவறியிருக்கு.

மூணு மணிக்கு மேல

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலேருந்து ஒரு மாமா வந்தாரு. வீடுகள்ல பிரபந்தம் சேவிக்கப் போறவரு. ஒரு வீட்டுல சேவிச்சுக்கிட்டு இருக்கும்போது, பக்கத்துல வச்சிருந்த போன் தானா வாயைத் திறந்து, "வாங்க, ரம்மி ஆடலாம், முதல் ஆட்டத்துக்கு போனஸ்!"னு கத்தியிருக்கு. "ஏம்மா, பெருமாள் சன்னிதியில அடியேன் மானம் போயிடுத்து. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாக்கறா"ன்னாரு. பாவம், சொல்லும்போதே அவரு முகம் சிவந்து போச்சு.

இதுக்கு ஒரு வழி இருக்கு, நீங்களும் செஞ்சு பாக்கலாம். விளம்பரம் வந்ததும் பதறி மூடாதீங்க. அப்படியே விட்டுட்டு, கீழே இருக்கிற சதுர பட்டனை அமுக்குங்க. எந்த ஆப்பு அந்த விளம்பரத்தைக் கூட்டிட்டு வந்துச்சோ, அதோட படம் மேலே தெரியும். மாமாவை உக்கார வச்சு, விளம்பரம் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் போனையே பாத்துக்கிட்டு இருந்தோம். அரை மணி நேரத்துல வந்துச்சு. சதுரத்தை அமுக்கினா, அவரு தினமும் பாக்குற பஞ்சாங்க ஆப்பு! இதை எடுத்துடலாமா மாமான்னு கேட்டேன். போனைக் கையில வாங்கி அந்தப் பஞ்சாங்கத்தையே திறந்து பாத்துட்டு, திருப்பிக் குடுத்தாரு. "தாராளமா எடுத்துடுங்கோ, ஆனா மூணு மணிக்கு மேல எடுங்கோ, இப்போ ராகுகாலம்னு போட்டிருக்கு."

காட்டூர் சாரின் மரியாதை

காட்டூர்லேருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு. இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்ல ரெண்டு பேனா. இவரு போன்ல விளம்பரம் திரை முழுக்க வரல, மேலே சீட்டு சீட்டா இறங்கிக்கிட்டே இருந்துச்சு. லோன் வேணுமா, முட்டி வலியா, முடி கொட்டுதா, விடாம வருது. இது ஆப்பு வேலை இல்ல, பிரவுசர் வேலை. ஏதாச்சும் வெப்சைட்டுக்குள்ள போனா, 'அறிவிப்பு அனுப்பலாமா'ன்னு ஒரு கேள்வி வரும். 'அனுமதி'ன்னு அமுக்கினா போச்சு, அன்னிக்கிலேருந்து அவன் நம்ம வீட்டு விருந்தாளி.

செட்டிங்ஸ்ல போயி பாத்தேன். அறுபத்தி ரெண்டு வெப்சைட்டுக்கு அனுமதி குடுத்திருக்காரு. எனக்குத் தலை சுத்துது. "என்ன சார் இது, ஒருத்தனைக்கூட வேண்டாம்னு சொல்லலியா?"ன்னு சத்தம் போட்டுட்டேன். அவரு கோவிச்சுக்கல. "ஒவ்வொருத்தரும் 'அனுப்பலாமா'ன்னு அனுமதி கேட்டுட்டுத்தானேம்மா வர்றாங்க, கேக்கறவங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிம்மா வேண்டாம்ங்கிறது?"

லால்குடி அப்பாவும் பொண்ணும்

லால்குடி பக்கத்துலேருந்து வந்த கோவிந்தராசு அண்ணன் நெல் விவசாயி. கூடவே அவரு பொண்ணு தமிழரசி. நர்சிங் ரெண்டாவது வருஷம், தினமும் ரயில்ல திருச்சிக்கு வந்து போற பொண்ணு. அந்தக் குடும்பத்துல காலேஜ் படி ஏறுன முதல் ஆளு. ரெண்டு பேரு போனும் என் கடையில வாங்கினதுதான். முதல்ல அவரு ஒண்ணு வாங்கினாரு, பொண்ணுக்கு சீட்டு கிடைச்சதும் வந்து "இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க"ன்னு வாங்கிட்டுப் போனாரு.

நடந்தது இதுதான். சொந்தக்காரங்க வீட்டு நிச்சயதார்த்தத்துல, தமிழரசி எடுத்த போட்டோவை எல்லாம் அவ போன்லேயே பெருசுங்களுக்குக் காட்டிக்கிட்டு இருந்திருக்காரு அண்ணன். நடுவுல ஒரு விளம்பரம். அரைகுறை உடுப்புல ஒருத்தி, "தனியா இருக்கீங்களா? என்கூடப் பேசுங்க"ன்னு சத்தமா கூப்பிடுறா. சபையில அத்தனை பேரும் பாக்குறாங்க. மாமன் முறைக்காரரு ஒருத்தரு, "பொண்ணு நல்லாத்தான் படிக்குது"ன்னு வேற சொல்லியிருக்காரு. அதோட சாப்பிடாமக்கூடக் கிளம்பி வந்துட்டாங்களாம்.

கடைக்கு வந்தவரு என்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டாரு. "இது தானா வருமாங்க, இல்ல அந்த மாதிரி ஏதாச்சும் பாத்தாத்தான் வருமா?" நான் வேற ஒரு போர்டை சால்டரிங் பண்ணிக்கிட்டு இருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தல. "தானா எதுவும் வராதுங்க, யாராச்சும் எங்கியாச்சும் கை வச்சிருப்பாங்க"ன்னேன். எல்லாருகிட்டயும் சொல்ற வசனம்தான். தமிழரசி "நான் எதுவும் பண்ணலக்கா"ன்னு மெதுவா சொன்னா. அதைச் சொல்லாதவங்க யாரு? நான் காதுலயே போட்டுக்கல. போனை மொத்தமா அழிச்சு, வாட்ஸ்அப் எல்லாம் திரும்பப் போட்டு, "புத்தம் புது போன் மாதிரி ஆக்கிட்டேன், இனிமே விளம்பரம் வந்தா அது புதுசா யாரோ இழுத்துட்டு வந்ததுதான்"னு பெருமையா வேற குடுத்தேன். கோவிந்தராசு அண்ணன் பொண்ணைப் பாக்காம என்னைப் பாத்தே சொன்னாரு: "இனிமே வந்துச்சுன்னா யாருன்னு தெரிஞ்சுடும்ல, அது போதும்ங்க."

பட்டன் போன்

பத்து நாள்ல அவரு திரும்ப வந்தாரு. தனியா. போனை மேசையில வச்சாரு. "நாலாம் நாளே வந்துடுச்சுங்க. அதே பொம்பளை." பொண்ணு எங்கன்னு கேட்டேன். ஒரு வாரமா காலேஜுக்கு அனுப்பலையாம். ரயில்ல போயிட்டு வர்ற நேரத்துல என்ன பண்றாளோ யாரு கண்டான்னு அவரு தங்கச்சி சொன்னாங்களாம். நர்சிங்ல வருகை குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்க. அது அவருக்கும் தெரிஞ்சிருக்கு. "இந்த வாரமும் போகலன்னா இந்த வருஷமே போச்சுங்கிறா. அழுவுறா. அழுதா ஆச்சா? நீங்களே சொன்னீங்களே, தானா வராதுன்னு"ன்னாரு.

எனக்குத் திக்குனு இருந்துச்சு. ஆனா வாய் சும்மா இருக்குமா? "பொண்ணுங்கள அதட்டாம பக்குவமா எடுத்துச் சொல்லுங்கண்ணே"ன்னு பெரிய மனுஷி மாதிரி புத்தி சொன்னேன். அவரு பொண்ணுக்குன்னு ஒரு பட்டன் போன் கேட்டாரு, குடுத்தேன். தமிழரசி போனை என்கிட்டயே வச்சுக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு படி இறங்கினதும் ரோஸ்லின் கவுன்ட்டர்லேருந்து திரும்பி என்னைப் பாத்தா. "ஏன்க்கா, ஸ்ரீரங்கத்து மாமாவை அரை மணி நேரம் உக்கார வச்சு எந்த ஆப்புன்னு பாத்தீங்கல்ல, அந்தப் பொண்ணுக்கு அஞ்சு நிமிஷம் பாத்தீங்களா?"

தட்டுக் கடைக்கு டிராக்டர்

மறுநாள் காலையில சமயபுரத்துலேருந்து ராஜாத்தி அக்கா வந்தாங்க. கோயில் வாசல்ல அர்ச்சனைத் தட்டு விக்கிறவங்க. அவங்க போன்லயும் விளம்பரம். விளம்பரத்தை நிறுத்துறேன்னு சொல்லி ஒரு ஆப்பு, அது கொண்டு வந்த விளம்பரத்தை நிறுத்த இன்னொண்ணு, இப்படி அஞ்சு போட்டு வச்சிருந்தாங்க. ரோஸ்லின் சொன்னது மனசுல குத்திக்கிட்டே இருந்துச்சா, இந்தத் தடவை ஒண்ணு விடாம பாத்துடுவோம்னு, ஆப்பு வாங்குற ஸ்டோருக்குள்ள போயி, இந்த மெயில் ஐடியில இதுவரைக்கும் என்னென்ன இறக்கியிருக்காங்கன்னு ஒரு பட்டியல் இருக்கும், அதைத் திறந்தேன்.

திறந்தா முடியவே இல்ல. தள்ளத் தள்ளப் போய்க்கிட்டே இருக்கு. டிராக்டர் வாடகை, பஞ்சாங்கம், ரம்மி, தொழுகை நேரம், மருந்துப் பேரு பாக்குற நர்சிங் ஆப்பு, கல்யாணத் தகவல், சவூதிக்குப் பணம் அனுப்புறது. ராஜாத்தி அக்காவும் கூடவே எட்டிப் பாத்தாங்க. எனக்குக் கை நின்னு போச்சு. அவங்க ரொம்ப சாதாரணமா கேட்டாங்க: "ஏங்க, தட்டு விக்கிறவளுக்கு டிராக்டர் எதுக்குங்க?"

என் கடை ஐடி

இப்ப என் கடை ரகசியத்தைச் சொல்லித்தான் ஆகணும். புது போன்ல முதல்ல ஒரு மெயில் ஐடி போடணும். நம்ம ஜனங்கள்ல பாதிப் பேருக்கு அது கிடையாது. ஆளாளுக்குப் புதுசா உண்டாக்கி, பாஸ்வேர்டு வச்சு, அதை அவங்களுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள பொழுது போயிடும். அதனால கடை பேருல ஒரே ஒரு ஐடி வச்சிருந்தேன். வர்ற போனுக்கெல்லாம் அதையே போட்டுக் குடுத்துடுவேன். ராஜாத்தி அக்கா பட்டியல்ல ஊர்ல உள்ளவங்க ஆப்பெல்லாம் இருந்தது அதனாலதான். இதுல இன்னொரு சோம்பேறித்தனம். அதே ஐடியில ஏற்கெனவே ஓடுற போனுங்களோட பேரெல்லாம் பட்டியலா வரும், அதுல ஒண்ணைக் காட்டி, 'இதுல இருக்கிறதெல்லாம் இங்கயும் போடு'ன்னா, வாட்ஸ்அப், மேப்பு எல்லாம் தானா வந்து இறங்கிடும். ஒவ்வொண்ணா தேட வேண்டாம். என்னை மாதிரி செய்யற கடைங்க இன்னும் இருக்கு, அவங்க ஒத்துக்க மாட்டாங்க.

டிராயர்லேருந்து தமிழரசி போனை எடுத்து ஆன் பண்ணி வச்சேன். வேற வேலையே பாக்கல. மத்தியானத்துக்குள்ள அந்தப் பொம்பளை வந்தா. சதுரத்தை அமுக்கினேன். படமும் இல்ல, பேரும் இல்ல, வெறும் வெள்ளைக் கட்டம். அழுத்திப் பிடிச்சு விவரத்தைப் பாத்தா, போட்டோவுக்கு பூ போட்ட சட்டம் போடுற ஆப்பு. இந்த மாதிரி ஆப்புங்க முகப்புல தன்னைக் காட்டிக்காது. ரெண்டு மூணு நாள் பேசாம இருந்துட்டு, அப்புறம்தான் வேலையைக் காட்டும். என்னிக்கு இறங்கியிருக்குன்னு பாத்தேன். நான் அந்தப் போனை அழிச்சு, திரும்பப் போட்டுக் குடுத்த அதே நாள், நான் வேலை பாத்த அதே நேரம். அப்போ போன் தமிழரசி கையிலயே இல்ல, என் கையில இருந்துச்சு. நான் எந்தப் போனைக் காட்டி நிரப்பினேனோ, அதுலேருந்து வந்திருக்கு. அதே மாடல்னு போன் பட்டியல்ல முதல்ல தெரிஞ்சதைத் தொட்டிருக்கேன். வாங்கின அன்னிக்கும் அதையேதான் செஞ்சிருப்பேன், சந்தேகமே இல்ல.

என் சோம்பேறித்தனத்துக்கு ஒரு பொண்ணு வீட்டுக்குள்ள உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. போன்ல பேசிச் சமாளிச்சுடலாமான்னு ரோஸ்லின்கிட்ட கேட்டேன். அவ என் கைப்பையை எடுத்து என் மடியில வச்சா. "அவங்க அப்பா முன்னாடி வச்சு நீங்க சொன்னீங்க, அவங்க அப்பா முன்னாடி போயி நின்னு நீங்கதான்க்கா மாத்திச் சொல்லணும்."

பூப்போட்ட சட்டம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி லால்குடி போயி, அங்கேருந்து ஆட்டோ. கோவிந்தராசு அண்ணன் வயல்லேருந்து வந்து கால் கழுவிக்கிட்டு இருந்தாரு. தமிழரசி உள்ளேருந்து எட்டிப் பாத்துட்டு, என்னைக் கண்டதும் திரும்பவும் உள்ளே போயிட்டா. அவளையும் கூப்பிடச் சொன்னேன். ரெண்டு பேரு முன்னாடியும் நின்னு, "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லண்ணே, அந்தக் கண்றாவியைப் போன்ல ஏத்தினது நான்தான்"னு எல்லாத்தையும் சொன்னேன். அவரு நம்பல. "பொம்பளைப் புள்ளைக்குப் பரிஞ்சுக்கிட்டுப் பேசுறீங்க. அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க, இன்னிக்கு இப்படிச் சொல்றீங்க"ன்னாரு. அவரு சொன்னதுலயும் தப்பு இல்ல.

அப்பத்தான் தமிழரசி வாயைத் திறந்தா. "போன் வாங்கின புதுசுல டிராக்டர், உர விலைன்னு என்னென்னமோ இருந்துச்சுக்கா. கடையில போட்டுக் குடுத்ததுன்னு நினைச்சு நானே எல்லாத்தையும் அழிச்சேன். நீங்க திரும்பப் போட்டுக் குடுத்தப்பவும் அதே வந்துச்சு, திரும்பவும் அழிச்சேன்." டிராக்டர்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டுச்சு. ரெண்டும் ஒரே மாடல் போனாச்சே! "அண்ணே, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க"ன்னேன். தயங்கித் தயங்கிக் குடுத்தாரு. செட்டிங்ஸ்ல தேடினேன். டிராக்டர் வாடகை இருக்கு. உர விலை இருக்கு. கடைசியில அதே வெள்ளைக் கட்டமும் இருக்கு. நான் நிரப்பினது அவரு போனைக் காட்டித்தான்.

"இந்தச் சட்டம் போடுற ஆப்பு எப்பண்ணே இறக்கினீங்க?"ன்னு கேட்டேன். அவரு கேலரியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாரு. ரோஜாப்பூ போட்ட சட்டத்துக்குள்ள தமிழரசி. கீழே 'வாழ்த்துகள்'. நர்சிங் சீட்டு கிடைச்ச அன்னிக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்காகப் பண்ணினாராம். ஊர்க்காரங்க, சொந்தக்காரங்க, கூட்டுறவு சங்கத்துக்காரங்க எல்லாரும் பாக்கணும்னு மூணு நாள் விடாம வச்சிருந்தாராம். "அப்போ உங்க போன்லயும் அந்தப் பொம்பளை வந்திருக்கணுமே?"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வரும்ங்க. யாரும் பாக்கறதுக்குள்ள மூடிடுவேன். போனுன்னா அப்படித்தான் வரும் போலன்னு இருந்துட்டேன்"னாரு.

எனக்கு அழுகை வந்துடுச்சு, மறைக்கவும் தோணல. "என்னை மன்னிச்சுடும்மா, உன்னை ஒரு வார்த்தை கேக்காம பேசிட்டேன்"னு தமிழரசி கையைப் பிடிச்சேன். அவ என் கையை விலக்கல, ஆனா என்னைப் பாத்துப் பேசவும் இல்ல. அவ அப்பாவைத்தான் பாத்தா. குரலை உசத்தாம, கண்ணைத் துடைக்காம கேட்டா: "உங்க போன்ல வந்தா அது தானா வந்ததுப்பா, என் போன்ல வந்தா மட்டும் நான் வரவச்சதா?"

மறுநாள் காலை ரயில்ல அவ காலேஜுக்குப் போயிட்டா; நான் இப்பல்லாம் ஆளுக்கு ஒரு மெயில் ஐடி போட்டுத்தான் குடுக்கறேன், பாஸ்வேர்டை மறந்துட்டு வாரத்துக்கு நாலு பேரு வந்து கத்துறாங்க, ஆனா அந்தத் திட்டு என் தலையில மட்டும்தான் விழுது, யார் வீட்டுப் பொண்ணு தலையிலயும் இல்ல.